லயத்து வாசலில் கிடக்கும் சக்கரமும் மூணாறு மலையில் ஓடிய ரயிலும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் தாத்தா குண்டளைப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில், ஒரு இரும்புச் சக்கரம் கிடக்கிறது. அந்தக் காலத்து ரயில் சக்கரம் என்று வீட்டில் சொல்வார்கள். மூணாறில் ரயில் ஓடியது உண்மைதானா? எந்த ஊருக்குப் போனது? அந்த மாதிரி வண்டியை இப்போது எங்காவது பார்க்க முடியுமா?"

உண்மைதான். 1902 முதல் 1924 வரை அந்த மலையில் தண்டவாளப் போக்குவரத்து இருந்தது. ஆனால் அது நீங்கள் நினைக்கிற மாதிரி ஊருக்கு ஊர் போகும் ரயில் இல்லை. கீழே இருக்கும் எந்த ரயில் பாதையோடும் அது சேரவே இல்லை. மலை மேலேயே கிளம்பி மலை விளிம்பிலேயே நின்றுவிடும்.

நான் போடிக்காரன். முப்பது வருஷத்துக்கு மேல் ஜீப் பட்டறையில் வேலை. என் தாத்தா அந்த விளிம்புக்குக் கீழே நின்று, மேலேயிருந்து இறங்கிய தேயிலைப் பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றியவர். அதனால் எனக்கு இந்த ரயிலின் வால்பக்கம்தான் முதலில் தெரியும். தலைப்பக்கத்தைப் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன்.

முதலில் சுமையில் இருந்து ஆரம்பிக்கிறேன். பழைய வண்டி எதைப் பார்த்தாலும் எஞ்சின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால், "இது என்ன ஏற்றியது, எங்கே இறக்கியது?" என்று கேட்டால் பாதி விஷயம் தானாக விளங்கிவிடும். பட்டறை எனக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் இது.

கண்ணன் தேவன் மலையை 1877-ல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் குத்தகைக்கு வாங்கினார். பிறகு மெல்ல மெல்லத் தேயிலை மற்றப் பயிர்களை ஓரங்கட்டியது. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. தேயிலை விளைந்த நிலம் திருவிதாங்கூர் ராஜ்யம். ஆனால் தூள் போகவேண்டிய இடம் லண்டன். அதற்குத் துறைமுகம் வேண்டும். கொச்சி வரைபடத்தில் பக்கம்தான், ஆனால் மேற்கே காடும் ஆறும் மழையும். கிழக்கே மலைச்சரிவில் இறங்கிவிட்டால் போடி சமவெளி, அங்கிருந்து வண்டித்தடம். அம்மையநாயக்கனூரில் ரயில் ஏற்றினால் தூத்துக்குடி போய்ச் சேரும். இன்று கொடைரோடு என்று சொல்கிறோமே, அதே ஸ்டேஷன்தான். திருவிதாங்கூர்த் தேயிலை மதராஸ் மாகாணத்து வழியாகக் கடலுக்குப் போனதற்குக் காரணம் இந்தச் சரிவு. தோட்டத்தில் வேலை செய்த நம் ஆட்கள் ஏறி வந்ததும், அவர்களுக்கான அரிசி ஏறி வந்ததும் இதே பக்கமாகத்தான்.

ஆகவே மூணாறில் இருந்து கிழக்கு விளிம்புக்குச் சுமையைக் கொண்டுபோக வேண்டும். அந்த விளிம்புதான் டாப் ஸ்டேஷன். எங்கள் ஊர் வாயில் "டாப்டேஷன்". சுமார் 1,700 மீட்டர் உயரம். மூணாறில் இருந்து ரோட்டு வழியாக 32 கிலோமீட்டர். 1902-ல் அங்கே வண்டிப்பாதை வெட்டினார்கள், அதன் ஓரமாகவே ஒரு தண்டவாளத்தையும் போட்டார்கள். ஒரே ஒரு தண்டவாளம். ஒற்றைத் தண்டவாளத்து ரயில், அதாவது மோனோரயில். இழுத்தது மாடு.

இந்த இடத்தில் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். ஒற்றைக் கம்பியில் வண்டி எப்படி நிற்கும்? யூயிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் அடியில் சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் உருளும். பக்கவாட்டில் ஒரு கை நீண்டிருக்கும். அதன் முனையில் பெரிய சக்கரம் ஒன்று, மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி, ரோட்டில் உருளும். எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்டவாளத்தின் மேல். மீதி ஐந்து பங்குதான் ரோட்டுச் சக்கரத்தின் மேல். ஒரு டன் ஏற்றினால் 950 கிலோ இரும்பின் மேல் உட்காரும், 50 கிலோ மண்ணின் மேல். ரோட்டுச் சக்கரத்தின் வேலை சுமப்பது அல்ல, வண்டி சாயாமல் ஊன்றிக்கொள்வது. தாத்தா கைத்தடி ஊன்றி நடப்பாரே, அப்படி.

இதில் லாபம் என்னவென்று மாடு பூட்டிப் பழகியவர்களுக்கு உடனே புரியும். மண் ரோட்டில் வண்டிச் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் தான் பதித்த பள்ளத்தில் இருந்து தானே ஏறி வரவேண்டும். மழைக்காலத்தில் குடம் வரைக்கும் சேறு. இரும்பின் மேல் இரும்பு உருளும்போது அந்தப் பள்ளம் கிடையாது. அதே ஜோடி மாடு பல மடங்கு இழுக்கும். இரண்டு தண்டவாளம் போட்டால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், இடைவெளி விரல் அளவு மாறக்கூடாது, வளைவில் தனிக் கணக்கு. ஒன்று போட்டால் இந்தத் தலைவலி இல்லை, செலவும் பாதி. மலைப்பாதை வெட்டிய புதிதில், பணத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில், இது நல்ல யோசனைதான். யாரோ கிறுக்குத்தனமாகச் செய்தது என்று சிலர் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அந்த வண்டியைப் பார்க்க வேண்டும் என்றால் டெல்லிக்குப் போங்கள். மூணாறுக்குப் பிறகு 1907-ல் பஞ்சாபில் பட்டியாலா மகாராஜா இதே யூயிங் முறையில் பெரிதாகவே போட்டார். சிர்ஹிந்தில் இருந்து மோரிண்டா வரை ஒரு பாதை, பட்டியாலாவில் இருந்து சுனாம் வரை இன்னொன்று, இரண்டும் சேர்த்து 80 கிலோமீட்டர். அங்கே முதலில் இழுத்தவை ராணுவத்துக்காக வளர்த்த கோவேறு கழுதைகள். பிறகு ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் கம்பெனியில் இருந்து நான்கு நீராவி எஞ்சின்கள் வரவழைத்தார்கள். மோட்டார் வண்டி பெருகியதும் 1927-ல் மூடிவிட்டார்கள். வண்டிகள் பொதுப்பணித்துறைக் கொட்டடியில் மக்கிக் கிடந்தன. 1962-ல் மைக் சட்டோ என்ற ஆங்கிலேயர் அவற்றைக் கண்டுபிடித்தார். அவர் ரயில் பைத்தியம். நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் அது காயலான் கடைக்குப் போயிருக்கும். அமிர்தசரஸ் ரயில்வே பணிமனையில் ஒரு எஞ்சினைச் சரிசெய்து, இன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். ஓடும் நாளில் போனால் அதன் ரோட்டுச் சக்கரத்தையே பாருங்கள். எஞ்சினைப் பார்க்கிற கூட்டத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. மொத்த வித்தையும் அந்தச் சக்கரத்தில்தான் இருக்கிறது.

ஒற்றைத் தண்டவாளத்துக்கு இன்னொரு வழியும் உண்டு, அது அயர்லாந்தில் ஓடியது. லிஸ்டோவல் என்ற ஊரில் இருந்து பாலிபனியன் என்ற கடலோர ஊர் வரை, சுமார் பதினைந்து கிலோமீட்டர், 1888-ல் தொடங்கியது. லார்ட்டிக் என்ற பிரெஞ்சுக்காரரின் திட்டம். அல்ஜீரியாவில் ஒட்டகம் இரண்டு பக்கமும் பொதி தொங்க நடப்பதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாம். போடியில் இருந்து குரங்கணிக்கு மேலே இருக்கும் குடிகளுக்குக் கழுதை பொதி சுமந்து போவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இடுப்பு உயரத்துக்குக் கால் நட்டு, அதன் மேல் தண்டவாளம். ரயில் அதன் இரண்டு பக்கமும் காவடி மாதிரித் தொங்கும். எஞ்சினுக்கே இந்தப் பக்கம் ஒரு கொதிகலன், அந்தப் பக்கம் ஒரு கொதிகலன். காவடி என்றால் எடை சரியாக இருக்கவேண்டுமே? ஒரு பசுவை ஏற்றினால் மறுபக்கம் இரண்டு கன்றுகளை ஏற்றி அனுப்புவார்கள், திரும்பும்போது ஒரு பக்கத்துக்கு ஒரு கன்றாக வரும் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அது மூடப்பட்டது 1924-ல். நம் மூணாறு ரயில் போனதும் அதே 1924. பிறகு அந்த ஊர்க்காரர்கள் விடவில்லை. 2003-ல் அதே மாதிரி வண்டி செய்து, சின்னத் தூரம் பாதை போட்டு, மறுபடி ஓட்டுகிறார்கள்.

ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்தில் ஆற்றுக்கு மேலே தொங்கியபடி போகும் ரயிலும் ஒற்றைத் தண்டவாளம்தான். 1901-ல் தொடங்கியது, இன்றும் 13 கிலோமீட்டர் ஓடுகிறது. ஜெர்மானியப் பேரரசர் 1900-ல் வெள்ளோட்டத்தில் ஏறிய பெட்டியையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம் கதைக்கு அது தூரத்துச் சொந்தம் மட்டுமே, ஆகையால் இதோடு விடுகிறேன்.

மூணாறுக்குத் திரும்புவோம். ஆறு வருஷம் மாடு இழுத்தது. தேயிலை பெருகப் பெருக அது போதவில்லை. 1908-ல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு, சின்ன நீராவி எஞ்சின்களை விட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று புத்தகங்களில் வருவது இதுதான். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிறுத்தங்கள். நீலகிரி ரயில் குன்னூரில் இருந்து ஊட்டிக்கு நீண்டதும் அதே 1908-ல்தான். இரண்டு மலையிலும் ஒரே வருஷம் புகை எழும்பியிருக்கிறது.

இரண்டடித் தண்டவாளம் எப்படி இருக்கும் என்று தெரிய டார்ஜிலிங் போனால் போதும். 1881-ல் இருந்து ஓடுகிற பாதை. ரோட்டோடு ரோடாக, கடை வாசலை உரசிக்கொண்டு, கை நீட்டினால் காய்கறிக் கூடையைத் தொடலாம் என்கிற மாதிரி அந்த வண்டி போகும். குண்டளை ரயிலும் வண்டிப்பாதையை ஒட்டி, தேயிலைச் சரிவை வளைந்து வளைந்து சுற்றிப் போனதுதான். மலைக்கு இரண்டடியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் வளைவு. அகலம் குறைந்தால் சின்ன வளைவிலும் திரும்பும், பாறையைக் குறைவாக வெட்டினால் போதும்.

பின்னே ஏன் அந்த ரயிலை அப்படியே போடிக்கு இறக்கவில்லை? இதை என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். டாப் ஸ்டேஷன் விளிம்பில் ஒரு நாள் மூடுபனி இல்லாத காலையில் நின்று கீழே பாருங்கள், பதில் காலடியில் இருக்கும். மலையடிவாரத்து ஊரான கொட்டகுடி அங்கே தெரியும். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம், அதற்கு நேர்த்தூரம் ஐந்து கிலோமீட்டர்தான். ஐந்து அடிக்கு ஒரு அடி இறக்கம். நீலகிரியில் பல்சக்கரம் வைத்து, தண்டவாளத்துக்கு நடுவில் பற்களைக் கடித்துக்கொண்டு ஏறுகிற எஞ்சினே சுமார் பன்னிரண்டு அடிக்கு ஒரு அடிதான் ஏறுகிறது. பல் இல்லாத சாதாரண எஞ்சின் இந்தச் சரிவில் நிற்கவே நிற்காது. அதனால் ரயில் விளிம்போடு நின்றது, அங்கிருந்து கம்பிவடம். இரும்புக் கோபுரங்களுக்கு மேலே கம்பி ஓடும், அதில் தேயிலைப் பெட்டி தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும்.

மேலே டாப் ஸ்டேஷன், கீழே கொட்டகுடிக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர், நடுவழியில் சென்ட்ரல். குரங்கணியில் இருந்து மலையேறுகிறவர்கள் இன்றும் "சென்ட்ரலில் டீ குடிச்சிட்டுப் போவோம்" என்பார்கள். தண்டவாளம் கிடையாது, சிக்னல் கிடையாது, நூறு வருஷமாகப் பெயர் மட்டும் ஸ்டேஷனாகவே இருக்கிறது.

இனி என் தாத்தா பக்கம். கொட்டகுடியில் இறங்கிய பெட்டி பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் போடிக்கு வரவேண்டும், அதன்பின் தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாக அம்மையநாயக்கனூர். சுமார் 80 கிலோமீட்டர். வெயிலில் மாட்டை வருத்தாமல் ராத்திரியில்தான் ஓட்டுவார்கள். வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். மரப்பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். ஈரம் படக்கூடாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்: "ஏலேய், மழை வந்தா நாங்க நனைவோம், மாடு நனையும், பெட்டி நனையக்கூடாது. பெட்டி நனைஞ்சா கூலி போச்சு." கடையாணியை அடிக்கடி தட்டிப் பார்ப்பதும், வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போடுவதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பட்டறையில் முதல்முறை பேரிங்குக்கு கிரீஸ் அடைத்தபோது, அந்தக் கருப்பு மை வாசம்தான் ஞாபகம் வந்தது.

1924 ஆடி மாதம். மலையாள ஆண்டு 1099. கேரளத்தில் இன்றும் "தொண்ணூற்றொன்பதிலே வெள்ளம்" என்று சொன்னால் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். நாள்கணக்கில் விடாமல் கொட்டிய மழை. மலை சரிந்து, மரமும் பாறையும் ஓடைகளை அடைத்து, அடைத்த நீர் உடைத்துக்கொண்டு மூணாறு மேல் இறங்கியது. தண்டவாளம், பாலங்கள், ஸ்டேஷன் எல்லாம் அடிபட்டன. ஆலுவாவில் இருந்து காட்டு வழியாக வந்த பழைய ரோடும் அதே வெள்ளத்தில் போனது. நேரியமங்கலம் வழியாகப் புதிய ரோடு போட்டு, அங்கே 1935-ல் வளைவுப் பாலம் கட்டித்தான் மூணாறுக்கு மேற்கு வாசல் திறந்தது. ரயிலைத் திரும்பக் கட்டவில்லை. மோட்டார் லாரி வந்துவிட்ட காலம் அது.

எனக்கு மனசு கனக்கிற இடம் இதற்கடுத்தது. மதுரையில் இருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது 1928-ல். நான்கே வருஷம்! மேலே ஒரு ரயில், நடுவில் கம்பிவடம், கீழே ஒரு ரயில் என்று மூன்றும் ஒரே காலத்தில் இருந்திருந்தால், என் தாத்தா அம்மையநாயக்கனூர் வரை போயிருக்க வேண்டாம். மேல் ரயில் செத்த பிறகுதான் கீழ் ரயில் பிறந்தது. அதற்கும் நிம்மதி இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1942-ல், இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பதுகளில்தான் மறுபடி போட்டார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் முக்கி முனகி ஏறும் அந்த வண்டியில் ஏலக்காய் மணம் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. 2010 இறுதியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் திரும்பி வந்தது. வந்த அன்று ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன்.

"இதைப் போன்ற வண்டி வேறு எங்காவது உண்டா" என்று கேட்டீர்கள். குண்டளை ரயிலின் உடன்பிறப்பு என்று நான் நினைப்பது வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியாக் ரயில். அதுவும் ஏறக்குறைய இரண்டடி அகலம்தான். அதுவும் ஒரே ஒரு சுமைக்காகப் பிறந்தது: மலையில் வெட்டிய கற்பலகை, கூரை வேய்கிற பலகைக் கல். 1836-ல் தொடங்கியபோது எஞ்சினே கிடையாது. மலையில் இருந்து துறைமுகம் வரை ஒரே சீரான இறக்கமாகப் பாதையை வெட்டிவிட்டார்கள். கல் ஏற்றிய பெட்டிகள் தாமாகவே உருண்டு இறங்கும், ஆட்கள் மேலே நின்று பிரேக் பிடிப்பார்கள். காலிப் பெட்டியை மேலே இழுத்துப் போக மட்டும் குதிரை. அந்தக் குதிரையை இறங்கும்போது நடக்க விடமாட்டார்கள். அதற்கென்று ஒரு பெட்டி, அதில் ஏறி வைக்கோல் தின்றுகொண்டே கீழே வரும். வாயில்லா ஜீவனின் உழைப்பைக் கணக்கில் வைத்துச் செய்த ஏற்பாடு அது, அதனாலேயே எனக்கு அந்த ரயில்மேல் தனிப் பிரியம். 1863-ல் நீராவி வந்தது. 1946-ல் கைவிட்டார்கள். புதர் மண்டியது. 1955-ல் இருந்து தன்னார்வலர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, நடுவில் ஒரு பகுதி நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போனதால் புதிதாக வழி சுற்றி வெட்டி, 1982-ல் பழைய பாதை முடிந்த ஊரையே எட்டிவிட்டார்கள். இருபத்தேழு வருஷம்! விடுமுறை நாளில் வந்து மண்வெட்டி பிடித்தவர்களின் உழைப்பு அதில் நிறைய.

எங்கள் பக்கத்தில் ரயில் விட்ட இடத்தைப் பிடித்தது ஜீப். அதையும் பழைய வண்டி வரிசையில் சேர்த்தே ஆகவேண்டும். 1940-ல் அமெரிக்க ராணுவம் கேட்டதற்கு, பான்டம் என்ற சின்னக் கம்பெனி 49 நாளில் முதல் மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தன. 1947-ல் மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் பாகங்களை வரவழைத்துப் பூட்டத் தொடங்கியது. அந்த வம்சம்தான் இன்றும் விடிகாலையில் போடியில் இருந்து போடிமெட்டுக்கு ஏறுகிறது, பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியும் பிளாஸ்டிக் சாக்கும் மடியில் வைத்துக்கொண்டு நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். "தம்பி, மெல்லப் போப்பா, நேத்து மாதிரி வளைவுல தூக்கிப் போடாத" என்பார் ஒரு அக்கா. டிரைவர் கியர் லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லிவரைப் பின்னால் இழுத்து ஃபோர் வீலில் போடுவார். வண்டி வேகத்தை விட்டுவிட்டு இழுவையைப் பிடித்துக்கொள்ளும். சேற்றில் நான்கு சக்கரமும் தனித்தனியாக மண்ணைப் பிடிப்பது காலடியிலேயே தெரியும். மலைமேல் மண் ரோட்டில் சிக்கல் அன்றும் இன்றும் ஒன்றுதான். யூயிங் முறை எடையைச் சேற்றின் மேல் விடாமல் இரும்புக்கு மாற்றியது. ஜீப் சேற்றை நான்கு சக்கரத்தாலும் பிடித்தது.

எங்கள் பட்டறையில் ஸ்பிரிங் பட்டையை நிமிர்த்த ஒரு தண்டவாளத் துண்டை வைத்துத்தான் அடிப்போம். முழங்கை நீளம் இருக்கும். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மணியாகத் தொங்குமே, அந்தத் தண்டவாளத் துண்டைவிட மெலிசு. தலை இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. "இது டாப்டேஷன் தண்டவாளம்டா, பாத்து அடி" என்பார் என் மேஸ்திரி அண்ணன். அந்த மலையில் பழைய தண்டவாளத்தைக் கம்பமாகவும் பாலத்துக் குறுக்குச் சட்டமாகவும் நட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே அவர் சொன்னதை நான் நம்புகிறேன். மேஸ்திரி அண்ணன் போன பிறகு பட்டறை கைமாறியது. ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டேன். எடைக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அதனால்தான் உங்கள் சக்கரத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சக்கரத்துக்கு வருவோம். படம் இல்லாமல் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே சோதிக்கலாம். சக்கரத்தின் வெளிவட்டத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் விளிம்பு எழும்பி, மறுபக்கம் மொட்டையாக இருந்தால் அது இரட்டைத் தண்டவாளத்தில் ஓடிய சக்கரம். விளிம்பு தண்டவாளத்தின் உள்பக்கமாக இறங்கி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் 1908-க்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தேயிலை ஃபேக்டரிக்குள் ஓடிய டிராலிக்கும் இப்படிச் சக்கரம் இருந்திருக்கலாம், ஆகவே அளவைப் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

இரண்டு பக்கமும் விளிம்பு இருந்தால் இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கட்டும். ஒற்றைத் தண்டவாளத்துக்கு இரண்டு விளிம்பு தேவை, இல்லையென்றால் நழுவிவிடும். ஆனால் அவசரப்பட வேண்டாம், கம்பிவடத்துக் கப்பிக்கும் இரண்டு விளிம்பு உண்டு. வித்தியாசம் நடுவில் இருக்கிறது. இரண்டு விளிம்புக்கும் இடையே தட்டையாக, இரண்டு விரல் வைக்கிற அகலத்தில் இருந்தால் அது தண்டவாளத்தில் உருண்டது. கிணற்றுக் கப்பி மாதிரி உட்குழிந்து வளைவாக இருந்தால் அதில் ஓடியது கம்பி. தட்டையாக இருந்தால், அது மாடு இழுத்த அந்த ஆறு வருஷத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். அப்படி ஒன்று லயத்து வாசலில் கிடந்தால் சின்ன விஷயம் இல்லை.

மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் குண்டளை ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே ஊருக்குள் இறங்கினால், அந்தக் காலத்து ஸ்டேஷன் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனி அலுவலகமாக இருப்பதையும் பார்க்கலாம்.

படம் எடுக்கும்போது மேலிருந்து எடுக்காமல் பக்கவாட்டில் இருந்து, வெளிவட்டம் தெரிய எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிக்கோலை வையுங்கள். துருவைச் சுரண்டவோ பெயின்ட் அடிக்கவோ வேண்டாம். நடுக்குடத்தைச் சுற்றி வார்ப்பு எழுத்துகள் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாய்ந்த வெயிலில் வைத்துப் பார்த்தால் தெரியும். என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். தாத்தா இருக்கிறார் என்றால், அதை அந்த இடத்துக்கு யார், எப்போது கொண்டுவந்து போட்டது என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.